2000க்குள் 10,000 மெகாவாட் என்றார்கள்: இந்திய அணுமின்சாரம் ஏன் இன்னும் 3 சதவீதத்தில் நிற்கிறது?

கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். 2025 டிசம்பரில் அணுமின் துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்ட சாந்தி சட்டம் நிறைவேறியதிலிருந்து "2047க்குள் 100 ஜிகாவாட்", அதாவது ஒரு லட்சம் மெகாவாட், என்ற எண் எங்கு பார்த்தாலும் கண்ணில் படுகிறது. அந்த இலக்கு சரியா தவறா என்று பேசுவதற்கு முன், இதே துறை முன்பு அறிவித்த எண்கள் என்ன ஆயின என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

1984ல் போட்ட திட்டம், 2000க்குள் 10,000 மெகாவாட். 2000 முடியும்போது கையில் இருந்தது 2,720. அடுத்து 2020க்குள் 20,000 என்றார்கள். 2020ல் இருந்தது 6,780. இப்போது 2031-32க்குள் 22,480 என்கிறார்கள். இன்றைய திறன் 8,780 மெகாவாட், 24 உலைகள். 2004 முதல் நின்றுபோயிருக்கும் ராஜஸ்தான் முதல் உலையை இதில் சேர்க்கவில்லை.

நாட்டின் மொத்த மின் நிறுவுதிறன் 2025ல் 500 ஜிகாவாட்டைத் தாண்டிவிட்டது. நாம் எரிக்கும் மின்சாரத்தில் அணுவின் பங்கு பல வருடங்களாக 3 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது.

இத்தனைக்கும் தாமதமாகத் தொடங்கியவர்கள் இல்லை நாம். டிராம்பேயில் அப்சரா ஆய்வு உலை 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. தாராப்பூரிலிருந்து 1969ல் மின்சாரம் வந்தது. தென்கொரியாவின் முதல் அணுமின் உலை 1978ல்தான் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. இன்று அவர்கள் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அணு. சீனா 1991ல் முதல் உலையை மின்தொகுப்பில் இணைத்தது. இன்று ஐம்பதுக்கு மேல் ஓடுகின்றன.

"போராட்டக்காரர்கள் விடவில்லை" என்று ஒரு தரப்பு. "அணு என்பதே தோற்றுப்போன தொழில்நுட்பம்" என்று இன்னொரு தரப்பு. இரண்டுமே எனக்குத் திருப்தி தரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஈரோட்டுத் தறி

கணக்கு நல்ல கணக்கு. ஆனால் போராட்டத்தை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. கூடங்குளத்தில் உலை தயாராக நிற்கும்போது வேலையை நிறுத்தினார்கள். அப்போது தமிழ்நாட்டில் எத்தனை மணிநேரம் மின்வெட்டு என்று விசைத்தறி வைத்திருந்தவர்களைக் கேளுங்கள். மகாராஷ்டிராவில் ஜெய்தாப்பூர் திட்டம் என்ன ஆயிற்று? ஆந்திராவில் கொவ்வாடா என்ன ஆயிற்று? மேற்கு வங்கத்தில் ஹரிப்பூரைக் கைவிட்டே விட்டார்கள். நிலமே கிடைக்காவிட்டால் எந்தத் துறையால் இலக்கை எட்ட முடியும்?

---

பழைய டர்பைன்

நான் அனல்மின் நிலையத்தில் டர்பைன் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அணுமின் பக்கம் போன நண்பர்கள் நிறைய உண்டு. வரலாற்றை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடலாம்.

தாராப்பூரில் முதல் இரண்டு உலைகள் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் தந்தவை, கொதிநீர் உலைகள். அதற்குச் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும், அது வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். நம் அணுசக்தித் திட்டத்தைத் தொடங்கிய ஹோமி பாபாவுக்கு இது உறுத்தியது. அதனால்தான் இரண்டாவது இடமான ராஜஸ்தானுக்குக் கனடாவின் கனநீர் உலையை, அதாவது கன ஹைட்ரஜன் உள்ள நீரைப் பயன்படுத்தும் உலையை, தேர்ந்தெடுத்தார்கள். மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தைச் செறிவூட்டாமல் அப்படியே பயன்படுத்தலாம்.

1974 மே 18ல் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை. கனடாக்காரர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ராஜஸ்தான் இரண்டாம் உலை அப்போது பாதியில் நின்றது. நம் ஆட்களே அதை முடித்து 1981ல் ஓட்டினார்கள். தாராப்பூருக்கு அமெரிக்க எரிபொருளும் நின்றுபோய், பிரான்சை நாட வேண்டி வந்தது. குழாய், வால்வு, பம்ப், எதைக் கேட்டாலும் வெளியே "இல்லை" என்ற பதில்தான்.

அந்த நிலையில் கட்டியதுதான் கல்பாக்கம். 1983 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. வெளியாள் உதவி இல்லாமல் நாம் கட்டி முடித்த முதல் அணுமின் நிலையம் அது. அந்த உலையின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும். கிடைமட்டமாகப் படுக்க வைத்த பெரிய உருளை. அதன் குறுக்கே 306 குழாய்கள். ஒவ்வொரு குழாயிலும் 12 எரிபொருள் கட்டுகள். ஒரு கட்டு அரை மீட்டர் நீளம், பதினைந்து கிலோவுக்கு மேல் எடை, 19 மெல்லிய குச்சிகளைச் சேர்த்துக் கட்டியது. உலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முனையில் ஓர் இயந்திரம் புதுக் கட்டைத் தள்ளும், மறுமுனையில் இன்னோர் இயந்திரம் எரிந்த கட்டை வாங்கிக்கொள்ளும். எரிபொருள் மாற்றுவதற்காக உலையை நிறுத்தவே வேண்டாம். இதற்கான சிர்க்கோனியக் குழாயை ஹைதராபாத்தில் செய்தோம். கனநீரை எடுக்கத் தூத்துக்குடி, பரோடா, கோட்டா என்று ஆலைகள் போட்டோம். தொழில்துறையே இல்லாத இடத்தில் ஒரு தொழில்துறையை உண்டாக்கினார்கள்.

கர்நாடகாவின் கைகா முதல் உலை 2016 மே முதல் 2018 டிசம்பர் வரை 962 நாட்கள் ஒரு முறைகூட நிற்காமல் ஓடியது. அன்றைக்கு அது உலக சாதனை. பிறகு கனடாவின் டார்லிங்டன் அதை முறியடித்தது. ஓடியதும் முறியடித்ததும் ஒரே குடும்பத்து உலைகள்தான்.

ஆக, முப்பது வருடம் தனித்து விடப்பட்டோம். அதுதான் முதல் காரணம்.

---

கணக்குப்பிள்ளை

டர்பைன் சார், அருமை. 1974 முதல் 2008 வரை நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன். 2008 செப்டம்பரில் அணு எரிபொருள் வழங்கும் நாடுகளின் குழு நமக்கு விலக்கு கொடுத்தது. அதற்குப் பிறகு கஜகஸ்தான், ரஷ்யா, கனடா என்று யுரேனியம் வந்தது. தடை நீங்கிய பிறகு என்ன நடந்தது?

குஜராத்தின் காக்ராப்பார் மூன்றாம் உலையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க நம் வடிவமைப்பு, 700 மெகாவாட். ஏற்கெனவே உலை ஓடும் வளாகம், அதனால் நிலப் பிரச்சினை இல்லை. வேலையை நிறுத்திய போராட்டமும் இல்லை. 2010 நவம்பரில் முதல் கான்கிரீட் போட்டார்கள். 2015ல் முடிய வேண்டியது. தொகுப்பில் இணைந்தது 2021 ஜனவரி, வணிக உற்பத்தி 2023 ஜூன். ராஜஸ்தான் ஏழாம் உலையும் அப்படித்தான், 2011ல் தொடங்கி 2025 ஏப்ரலில் வணிக உற்பத்தி. எதிர்ப்பும் இல்லை, தடையும் இல்லை, ஆனாலும் பன்னிரண்டு பதினான்கு வருடம். தறிக்காரர் அண்ணன் இதற்கு என்ன சொல்வார்?

---

நெய்தல்

நான் ராதாபுரம் வட்டாரம். கூடங்குளம் பெயர் வந்ததால் எழுதுகிறேன்.

போராட்டத்தால் எவ்வளவு தாமதம் என்று நாட்காட்டியை வைத்தே பார்ப்போம். ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டது 1988 நவம்பர். சோவியத் ஒன்றியமே கலைந்துபோனது. 1998ல் ரஷ்யாவுடன் மறுபடி ஒப்பந்தம். 2002ல் கட்டுமானம். முதல் உலை 2007 டிசம்பரில் தயாராகும் என்றார்கள். 2007ல் பக்கத்து ஊரான இடிந்தகரையில் ஒரு போராட்டப் பந்தலும் கிடையாது. 2008, 2009, 2010 எல்லாம் போனது. ரஷ்யாவிலிருந்து கருவிகள் வரிசைப்படி வராமல் தாமதமானதுதான் காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. ஜப்பானில் ஃபுகுஷிமா அணு விபத்து நடந்தது 2011 மார்ச். பெரிய அளவில் உண்ணாவிரதம் தொடங்கியது அந்த ஆண்டின் பிற்பகுதியில். 2012 மார்ச்சில் மாநில அரசு அனுமதி கொடுத்தவுடன் வேலை மறுபடி நடந்தது. அரை வருடம். அதன் பிறகு 2013 ஏப்ரலில் நான்கு வால்வுகளில் குறை என்று கண்டுபிடித்து மாற்றினார்கள். 2013 ஜூலையில் தொடர்வினை தொடங்கியது. வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31.

இருபத்தாறு வருடக் கதையில் அந்த அரை வருடத்துக்காக எங்கள் பகுதி மக்கள் மேல் தேசத்துரோக வழக்குகள் பதிந்தார்கள். 2012 செப்டம்பரில் மணப்பாட்டில் ஒரு மீனவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். மக்கள் மேல் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்று 2013 மே தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே சொல்லும் நிலை வந்தது.

நாங்கள் கேட்ட கேள்விகளில் எது கிறுக்குத்தனமான கேள்வி என்று யாராவது சொல்லுங்கள். முதலில் பேச்சிப்பாறை அணையிலிருந்து குளிர்விக்கத் தண்ணீர் எடுப்போம் என்றார்கள். குமரி மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள். பிறகு கடல்நீரைச் சுத்திகரிக்கும் ஆலை வைத்தார்கள். 1988 ஒப்பந்தப்படி எரிந்து தீர்ந்த எரிபொருள் சோவியத்துக்கே திரும்பிப் போகும். 1998ல் அது மாறி, இங்கேயே இருக்கும் என்று ஆனது. இது எங்கள் வாசலில் நடந்த மாற்றம். எந்த ஊரில் கூட்டம் போட்டு இதைச் சொன்னார்கள்?

---

ஈரோட்டுத் தறி

நெய்தல், உங்கள் ஊர்க்காரர்களைக் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. துப்பாக்கிச் சூட்டை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஜெய்தாப்பூர் 9,900 மெகாவாட் திட்டம். 2010 முதல் பேச்சு. ஒரு செங்கல்கூட நகரவில்லை. அங்கே எதிர்ப்புதானே?

---

வழக்காடி

ஜெய்தாப்பூரில் நிலம் எடுத்து முடித்துப் பல வருடங்கள் ஆகின்றன. எதிர்ப்பு இருந்தது, 2011ல் அங்கேயும் துப்பாக்கிச் சூட்டில் ஓர் உயிர் போனது. ஆனால் திட்டம் நின்றது பிரெஞ்சு உலையின் விலையிலும், விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியிலும். அந்த வகை உலை பிரான்சிலேயே ஃப்ளமன்வில்லில் 2007ல் தொடங்கி 2024 டிசம்பரில்தான் தொகுப்பில் இணைந்தது. கொவ்வாடாவுக்கு உலை தர வேண்டிய வெஸ்டிங்ஹவுஸ் 2017ல் திவால் மனு போட்டது.

பொறுப்புச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில் குழப்பம் அதிகம். 2010 சட்டத்தில் விபத்து இழப்பீடு முதலில் நிலையத்தை நடத்துபவர் தலையில், உச்சவரம்பு 1,500 கோடி. உலகம் முழுக்க இப்படித்தான், உலையை விற்றவர் தப்பித்துவிடுவார். ஆனால் நம் சட்டத்தில் 17ஆம் பிரிவின் ஆ உட்பிரிவு என்று ஒன்று இருந்தது. கருவியில் குறை இருந்ததால் விபத்து என்றால், இழப்பீடு கொடுத்த நிறுவனம் அந்தப் பணத்தை விற்றவரிடம் கேட்கலாம். போபால் விஷவாயு வழக்கில் 2010 ஜூனில் வந்த தீர்ப்பின் கோபத்தில்தான் அந்தப் பிரிவு அவ்வளவு உறுதியாக உள்ளே நின்றது. அமெரிக்க, பிரெஞ்சு நிறுவனங்கள் பதினைந்து வருடம் இதைக் காட்டியே ஒதுங்கி நின்றன.

சாந்தி சட்டம் அந்தப் பிரிவை எடுத்துவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அல்லது வேண்டுமென்றே கேடு செய்திருந்தால் மட்டும் விற்றவரிடம் கேட்கலாம். 1962 அணுசக்திச் சட்டமும் 2010 சட்டமும் நீக்கப்பட்டன. தனியார் நிறுவனங்கள் உரிமம் பெற்று உலை கட்டலாம், நடத்தலாம். செறிவூட்டல், எரிந்த எரிபொருளை மறுசுத்திகரிப்பது, கனநீர் உற்பத்தி ஆகியவை மத்திய அரசிடமே. இழப்பீட்டு வரம்பு உலையின் அளவைப் பொறுத்தது, ஆக அதிகமாக 3,000 கோடி.

ஃபுகுஷிமா நிறுவனம் கொடுத்த இழப்பீடு நம் கணக்கில் பல லட்சம் கோடி. 3,000 கோடி என்பதை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது தனிப்பட்ட முறையில் எனக்கு ஏற்க முடியாத விஷயம்.

---

செம்பருத்தி

நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன். தோரியம் நம்மிடம் நிறைய இருக்கிறது, அதனால் நமக்கு எரிபொருளே பிரச்சினை இல்லை என்று கல்லூரியில் ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். அப்படியென்றால் ஏன் யுரேனியம் இறக்குமதி செய்கிறோம்? கல்பாக்கத்து ஈனுலை என்ன நிலையில் இருக்கிறது?

---

சதுரங்கப்பட்டினம்

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் அந்தப் பக்கத்து ஊர்க்காரன், ஆனால் துறையில் வேலை பார்ப்பவன் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மணவாளக்குறிச்சி, சவரா கடற்கரை மணலில் இருக்கும் தோரியத்தை அப்படியே உலையில் போட்டால் எரியாது. முதலில் அது நியூட்ரானை வாங்கி யுரேனியம்-233 ஆக மாற வேண்டும். அந்த நியூட்ரானைக் கொடுக்க வேறு எரிபொருள் வேண்டும். அதனால்தான் பாபா மூன்று கட்டமாகத் திட்டம் போட்டார். முதல் கட்டம் கனநீர் உலைகள். அவை மின்சாரமும் தரும், எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியமும் கிடைக்கும். இரண்டாம் கட்டம் அந்தப் புளூட்டோனியத்தை வைத்து ஓடும் வேக ஈனுலை; எரிப்பதைவிட அதிகமாக எரிபொருளை உண்டாக்கும். போதுமான அளவு சேர்ந்த பிறகு மூன்றாம் கட்டம், தோரியம்.

இரண்டாம் கட்டத்தின் வாசலில்தான் நிற்கிறோம். கல்பாக்கத்தில் சிறிய சோதனை ஈனுலை 1985 அக்டோபரிலேயே இயங்கத் தொடங்கியது. அதில் பயன்படுத்திய கார்பைடு எரிபொருளை உலையின் முதன்மை எரிபொருளாக வேறு எந்த நாடும் ஓட்டியதில்லை. காமினி என்ற குட்டி ஆய்வு உலையும் அதே வளாகத்தில் இருக்கிறது, வெறும் 30 கிலோவாட், யுரேனியம்-233 கொண்டு ஓடுவது. இவை உண்மையான சாதனைகள். ஆனால் 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலை 2004ல் தொடங்கி 2010ல் முடிந்திருக்க வேண்டும். 3,492 கோடி என்று தொடங்கி 5,677 கோடி ஆகி, பிறகு அதையும் தாண்டியது. உலையின் மையத்தில் எரிபொருளை நிரப்பும் வேலையைப் பிரதமர் முன்னிலையில் தொடங்கி வைத்தது 2024 மார்ச்.

ஏன் இவ்வளவு கஷ்டம் என்றால், இதைக் குளிர்விப்பது தண்ணீர் இல்லை, உருகிய சோடியம். காற்று பட்டால் பற்றிக்கொள்ளும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். ஆனால் சோடியத்தின் வெப்பத்தைக் கொண்டுதான் தண்ணீரை நீராவியாக்க வேண்டும். நடுவில் இருப்பது ஓர் உலோகக் குழாயின் சுவர் மட்டும். அந்தக் குழாயின் ஒவ்வொரு பற்றவைப்பும் பிசகில்லாமல் இருக்க வேண்டும். ஜப்பானின் மொஞ்சு 1995ல் சோடியம் கசிந்து தீப்பிடித்தது, அதன் பிறகு சரியாக ஓடவே இல்லை. பிரான்ஸ் தன் பெரிய ஈனுலையை மூடிவிட்டது. ரஷ்யா மட்டும் பெலயார்ஸ்க்கில் 1980 முதல் விடாமல் ஓட்டுகிறது. கல்பாக்கத்தில் தாமதமாவதைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. அவசரப்பட்டால்தான் பயப்படுவேன். 2010 என்று தேதி சொன்னார்களே, எதை வைத்துச் சொன்னார்கள் என்பதுதான் என் கேள்வி.

யுரேனியம் இறக்குமதிக்கு வருகிறேன். ஜார்க்கண்டின் ஜாதுகுடா, ஆந்திராவின் தும்மலப்பள்ளி என்று நம் சுரங்கங்கள் உண்டு, ஆனால் தாதுவின் தரம் மட்டம். 2008-09ல் யுரேனியம் போதாமல் உலைகள் பாதித் திறனில் ஓடின. உலை கட்டியவர்களும் சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டவர்களும் ஒரே துறைதான். அப்படியும் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

---

பழைய டர்பைன்

சதுரங்கப்பட்டினம் தம்பி, உங்கள் ஊர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் குடியிருப்பில் உயிர்கள் போயின. அதே நேரத்தில் இரண்டாம் உலை ஓடிக்கொண்டிருந்தது. கடல்நீர் பம்ப் அறைக்குள் தண்ணீர் புகுந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள், சில நாட்களில் மறுபடி ஓட்டினார்கள். முதன்மைக் கட்டடங்களை உயரத்தில் கட்டியிருந்ததன் பலன் அது. சொந்த வீட்டில் சாவு விழுந்த நிலையிலும் பணியில் நின்றவர்கள் உண்டு.

ஆனால் நரோராவையும் சொல்லாமல் இருக்க முடியாது. டர்பைன்காரன் என்பதால் எனக்கு அது மறக்காது. 1993 மார்ச் 31, விடியற்காலை மூன்றரை மணி. உத்தரப் பிரதேசம் நரோராவில் முதல் உலையின் டர்பைனில் கடைசி வரிசை இறக்கைகள் இரண்டு முறிந்தன. எடை தவறிய ரோட்டர் அந்த வேகத்தில் சுழன்றால் எப்படி அதிரும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் வெளியே வந்து தீப்பிடித்தது, எண்ணெயும் சேர்ந்துகொண்டது. தீ கேபிள் வழியாகப் பரவியது. அவசர மின்சாரத்துக்கான கேபிள்களும் மாற்றுக் கேபிள்களும் ஒரே பாதையில், நடுவில் தடுப்பில்லாமல் போயிருந்தன. எல்லாம் சேர்ந்து எரிந்தன. டீசல் ஜெனரேட்டர் இருந்தும் மின்சாரம் போய்ச் சேர வழியில்லை. கட்டுப்பாட்டு அறையில் புகை, உட்கார முடியவில்லை. 17 மணிநேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை.

உலை தானாக நின்றுவிட்டது, ஆனால் நின்ற உலையிலும் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். ஆபரேட்டர்கள் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு இருட்டில் மேலே ஏறி, போரான் கரைசலை உலைக்குள் இறக்கும் வால்வைக் கையால் திறந்தார்கள். தொடர்வினை மறுபடி தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக. தீயணைப்புக்கு வைத்திருந்த டீசல் பம்ப்பை ஓட்டி நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் அனுப்பினார்கள். கதிர்வீச்சு வெளியே வரவில்லை. அந்த ஆட்கள் நம்மைக் காப்பாற்றினார்கள்.

என்னை உறுத்துவது இதற்கு முந்தைய பகுதி. அந்த வகை இறக்கையில் களைப்பு முறிவு, அதாவது தொடர் அதிர்வில் உலோகம் தளர்ந்து முறிவது, வரும் என்று வடிவமைத்த நிறுவனமே முன்பே எச்சரித்திருந்தது. கேபிள்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்பது 1975ல் அமெரிக்காவில் பிரவுன்ஸ் ஃபெர்ரி தீயிலேயே உலகம் கற்ற பாடம். யாரோ ஒருவர் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்து "இதை மாற்றாமல் ஓட்டக் கூடாது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்தது?

---

கணக்குப்பிள்ளை

டர்பைன் சார், நான் தேடிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983ல் அமைந்தது. அது அறிக்கை கொடுப்பது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவர்தான் அணுசக்தித் துறையின் செயலாளர். அணுமின் கழகமும் அதே துறையின் கீழ். உலையைக் கட்டுபவர், நடத்துபவர், இலக்கு அறிவிப்பவர், பாதுகாப்பைச் சோதிப்பவர் எல்லோரும் போய்ச் சேரும் மேசை ஒன்றே. பரீட்சை எழுதுகிற பிள்ளையே தன் தாளைத் திருத்தி மதிப்பெண் போட்டுக்கொள்வது போன்ற ஏற்பாடு.

1994 மே மாதம் கைகாவில் கட்டுமானத்தில் இருந்த உலைக் கூடத்தின் உள் குவிமாடத்திலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. சுமார் 130 டன். நரோராவுக்கு ஒரு வருடம் கழித்து. அந்தக் காலத்தில் வாரியத்தின் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன், நாட்டின் அணு நிலையங்களில் சரிசெய்ய வேண்டிய 130 பாதுகாப்பு விஷயங்களைப் பட்டியலிட வைத்தார். அந்தப் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்கவில்லை. 2011ல் தனி ஒழுங்குமுறை ஆணையத்துக்கான மசோதா வந்தது, 2014ல் மக்களவை கலைந்தபோது அதுவும் போனது. 2012ல் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, வாரியத்துக்குச் சட்டப்படி சுதந்திரம் இல்லை என்று எழுதியது.

இது பாதுகாப்புப் பிரச்சினை மட்டும் இல்லை, வளர்ச்சிப் பிரச்சினையும் இதுதான் என்பது என் எண்ணம். 10,000 மெகாவாட் என்று சொல்லி 2,720ல் நின்றபோது யாரும் "ஏன்" என்று கேட்கும் இடத்தில் இல்லை. பதில் சொல்லாமலே அடுத்த இலக்குக்குப் போக முடிந்தது. கூடங்குளத்தில் ஊர்க்காரர்கள் கேட்டபோதும் அதே பழக்கம்: பதில் சொல்ல அவசியமில்லை. கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் காக்ராப்பார் தாமதத்தில் எந்தச் சப்ளையர், எந்தப் பாகம், எத்தனை மாதம் என்று பொதுவெளியில் வந்திருக்கும். ஹரியானாவின் கோரக்பூர், ராஜஸ்தானின் மாஹி பன்ஸ்வாரா அணுமின் திட்டங்களுக்கும் அந்தப் பாடம் உதவியிருக்கும். பத்து 700 மெகாவாட் உலைகளை ஒரே வடிவத்தில் வரிசையாகக் கட்ட 2017ல் அனுமதித்தார்களே, அது சரியான முடிவு. ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்பக் கட்டித்தான் கொரியா வேகம் பிடித்தது. நம்மால் முடியாததற்குத் திறமைக் குறைவு காரணமில்லை.

---

வழக்காடி

இதில் சாந்தி சட்டத்துக்கு ஒரு பாராட்டும் சொல்ல வேண்டும். வாரியத்துக்கு முதல்முறையாகச் சட்ட அந்தஸ்து கொடுத்திருக்கிறது. ஆனால் தலைவரையும் உறுப்பினர்களையும் யார் தேர்ந்தெடுப்பது என்பதில் துறையின் கை நீளமாகவே இருக்கிறது. தனியார் உள்ளே வரும் நேரம் இது. அரசு நிறுவனத்தை அரசு வாரியம் சோதித்தபோதே இந்த நிலை. பெரிய தொழில் குழுமத்தின் உலையை நிறுத்தச் சொல்லும் துணிவு யாருக்கு வரும்?

---

ஈரோட்டுத் தறி

கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதிக்கு ஒத்துப்போகிறேன். ஆனால் ஒன்று. வாரியத்தைச் சரிசெய்யும் வரை காத்திருங்கள் என்றால் இன்னும் இருபது வருடம் போகும். 2024 மே 2ல் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட். பகலில் சூரியசக்தி இருக்கிறது, மே கடைசியில் காற்றும் வந்துவிடும். நவம்பர் ராத்திரிக்கு என்ன செய்வது? கூடங்குளம் ஒரு உலை பராமரிப்புக்கு நின்றாலே எங்கள் பக்கம் தெரியும். நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்கலாம் என்பது உங்கள் யோசனையா? எனக்கு உலை வேண்டும், பாதுகாப்பும் வேண்டும். இரண்டில் ஒன்று என்று பேசாதீர்கள்.

---

கணக்குப்பிள்ளை

அண்ணே, எனக்கும் உலை வேண்டும். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். வேண்டாம் என்று நினைத்தால் 3 சதவீதத்தில் நிற்பதைப் பற்றி எனக்கென்ன கவலை?

காத்திருக்கச் சொல்லவும் இல்லை. நாளைக்கே செய்யக்கூடியவை உண்டு. ஒவ்வொரு திட்டத்துக்கும் முதல் தேதி, மாறிய தேதி, மாறியதன் காரணம், முதல் மதிப்பீடு, இன்றைய செலவு, இவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாரியத்தின் தளத்தில் போடட்டும். கல்பாக்கம் முதல் உலை 2018 ஜனவரியில் நின்றது, வருடக்கணக்கில் நின்றது. 220 மெகாவாட்டை நிறுத்தி வைத்துவிட்டு மொத்தக் கணக்கில் மட்டும் சேர்த்துக் காட்டினால், படிக்கிறவருக்கு என்ன புரியும்?

---

செம்பருத்தி

அண்ணா, நெய்தல் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. கூடங்குளத்தில் எரிந்த எரிபொருள் இப்போது எங்கே இருக்கிறது?

---

சதுரங்கப்பட்டினம்

உலைக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு நீர்த்தொட்டியில். எரிபொருள் வெளியே எடுத்த பிறகும் சில வருடங்கள் வெப்பம் கக்கும், தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கும், கதிர்வீச்சையும் தடுக்கும். ஆனால் அந்தத் தொட்டி சில ஆண்டுகளுக்குத்தான் போதும். உலைக்கு வெளியே தனிச் சேமிப்புக் கிடங்கு கட்ட வேண்டும் என்று 2013 தீர்ப்பில் ஐந்து வருடம் கெடு கொடுத்தார்கள். 2018ல் அணுமின் கழகம் அவகாசம் கேட்டது, 2022 வரை நீட்டித்தார்கள். 2019 ஜூலையில் கிடங்குக்காகப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் தள்ளி வைத்தார்கள். அதற்குள் 2017ல் மூன்றாம் நான்காம் உலைகளுக்கும், 2021ல் ஐந்தாம் ஆறாம் உலைகளுக்கும் கட்டுமானம் தொடங்கிவிட்டது.

---

நெய்தல்

நன்றி. கிடங்கு எங்கேயாவது ஓரிடத்தில் இருந்துதான் ஆக வேண்டும், எரிந்த எரிபொருளைத் தொட்டியிலேயே குவித்து வைப்பது அதைவிட ஆபத்து என்பது எங்களுக்கும் தெரியும். தள்ளி வைத்த அந்தக் கூட்டத்தைக் கூத்தங்குழியிலோ இடிந்தகரையிலோ நடத்தட்டும். எத்தனை வருடத்துக்கு இங்கே இருக்கும், பிறகு எங்கே போகும், எந்தச் சாலை வழியாகப் போகும் என்ற மூன்றையும் தமிழில் எழுதிக் கொண்டுவரட்டும். நாங்கள் வருகிறோம்.